மேட்டில் நிற்காத கார்

கொட்டகலைக் கடைத்தெருவில் இப்போது ஆண்கள் ஒருவரையொருவர் சுகம் விசாரிப்பதில்லை. "லீட்டருக்கு எவ்வளவு ஓடுது?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவருக்கும் அது பொய் என்று தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் நாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி இரண்டு பேரும் முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஒருவர் இருபத்திரண்டு என்றால் பக்கத்தில் நிற்கிறவர் இருபத்துநாலு என்பார். அடுத்த ஆள் வாயைத் திறப்பதற்குள் நான் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். ஏனென்றால் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று இருபத்தாறு என்று அடித்துச் சொல்கிற ஆள் என் கணவர்.

எங்களுடையது ஒரு சின்னப் பெட்ரோல் கார். முன்னால் குட்டி மூக்கு, பின்னால் வால் இல்லாமல் வெட்டிவிட்ட மாதிரி ஒரு கதவு, உள்ளே மூன்று சிலிண்டர். கியர் மாற்றும் தொல்லை இல்லை, அதுவே மாற்றிக்கொள்ளும். கொழும்பில் அதை விற்ற ஆள், ஜப்பானில் சோதித்துப் பார்த்த கணக்கு என்று ஒரு எண்ணைச் சொன்னார். என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "ஜப்பான்ல அந்தச் சோதனை எங்க நடந்துச்சுங்க, ரதெல்ல எறக்கத்துலயா?" என்று நான் கேட்டேன். விற்பனைக்காரர் சிரித்தார். வீடு வந்து சேரும்வரை என் கணவர் என்னோடு பேசவில்லை.

அந்தக் கார் வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. நான் ஆசிரியை. கொட்டகலையிலேயே படிப்பித்துக்கொண்டிருந்த என்னை, வட்டகொடைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். ஐந்தாம் ஆண்டு வகுப்பு. அந்தப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. காலை நேரம்தான் அவர்களுடைய மூளை விழித்திருக்கும் நேரம். ஆனால் நான் போய்ச் சேர வேண்டுமே! தலவாக்கலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வட்டகொடைக்கு இன்னொரு பஸ். அந்த இரண்டாவது பஸ், டிரைவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, பல்லைக் குத்தி முடித்த பிறகுதான் நகரும். இறங்கினால் பள்ளிக்கூடம் வரைக்கும் மேட்டில் நடை.

பள்ளிக்கூடத்தில் நேரமானதும் அதிபர் வரவுப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடுவார். அந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்து வைத்து எனக்கு வெட்கம் விட்டுப்போனது. ஒருநாள் அதிபர் கூப்பிட்டு, "டீச்சர், உங்க படிப்பிப்புல ஒரு குறையும் இல்லீங்க. ஆனா காலையில அஞ்சாம் ஆண்டு பிள்ளைங்க சும்மா ஒக்காந்திருக்காங்க. இந்தத் தவணை பார்ப்பேன். அப்புறம் வகுப்ப வேற ஆளுக்குக் குடுக்கத்தான் வேணும்" என்றார். நல்ல மனிதர், கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால்தான் கார். அதனால்தான் இந்த வயதில் டிரைவிங் பழகினேன். எழுத்துப் பரீட்சை, ஓட்டம் இரண்டும் முதல் தடவையிலேயே பாஸ். என் கணவர் இரண்டாவது தடவையில் பாஸ் பண்ணியவர். இதை இங்கே எழுதாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அரசாங்கச் சம்பளக்காரி என்பதால் காருக்கான லீசிங் கடனும் என் பெயரில்தான் போட்டார்கள். வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மறுநாள் காலையில் சாவியைக் கேட்டேன்.

"நீ ஓட்டுனா ஆவரேஜ் எறங்கிரும்" என்றார்.

"என்னது?"

"ஒனக்குக் கால் கனம். நீ எக்ஸலேட்டர மிதிக்கிறத நான் பார்த்தேன்ல. இந்த வண்டிய பூ மாதிரி மிதிக்கணும். முதல்ல நான் ஒரு நல்ல நம்பருக்குக் கொண்டாந்து வச்சுர்றேன், அப்புறம் பார்க்கலாம்."

அவருக்குக் கடைத்தெருவில் ஒரு போன் கடை. வீட்டிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினால் கடை வந்துவிடும். அந்தத் தூரத்துக்குக் காரை எடுத்துப்போய், கடை முன்னால் நிறுத்தி, துணி உறை போட்டு மூடி வைப்பார். பகல் முழுதும் அது அங்கேயே இருக்கும். நான் அதைத் தாண்டிப் போய் பஸ்ஸில் ஏறுவேன். என் பெயரில் உள்ள கார் உறைக்குள்ளே சுகமாகத் தூங்க, நான் தலவாக்கலை வரை கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவேன். வயிறு எரியாதா?

நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருஷத்துக்குப் பிறகுதான் இந்தப் பைத்தியம் எல்லாருக்கும் பிடித்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்களை நானும் பார்த்திருக்கிறேன், பாவம். ஆனால் என் கணவர் நின்றது ஒரு மோட்டார் சைக்கிளோடு. அதுவும் பாதி நேரம் என் தம்பியை நிறுத்தி வைத்துவிட்டு வீட்டில் வந்து படுத்திருந்தார். அந்தத் துன்பத்தை இவர் கணக்கில் எழுத நான் விடமாட்டேன்.

உண்மையான காரணம் அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப். சின்னக் கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். லிந்துலையில் ஒருவர், ஹட்டனில் இருவர், கடைத்தெருவில் பாதிப் பேர். காலையில் சாமி படம் போடுவார்கள். அதற்குப் பிறகு நாள் முழுதும் டாஷ்போர்ட் படம்தான். லீட்டருக்கு இத்தனை என்று அந்தச் சின்னத் திரை காட்டும் எண்ணைப் போட்டோ பிடித்து அனுப்புவார்கள். கீழே கும்பிடு, கைத்தட்டல், நெருப்பு. பெற்ற பிள்ளை பாஸ் பண்ணின செய்திக்குக்கூட இத்தனை கும்பிடு விழாது.

அந்த எண் எப்படி வருகிறது என்று நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். நுவரெலியாவுக்கு ஏறிப் போகும்போது திரையை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் பழைய கணக்கை அழித்து பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். பிறகு அங்கிருந்து கொட்டகலை வரை இறக்கம். இறங்கி வந்ததும் போட்டோ. ஏறும்போது குடித்த பெட்ரோல் அவர் கணக்கில் பெட்ரோலே இல்லை. குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் இப்படித்தான் பண்ணுகிறார்கள், அத்தனை பேரும் மற்றவனுடைய எண்ணை நம்பி ஏங்குகிறார்கள். என்ன ஜென்மங்களோ!

ஏறுகிற அழகைச் சொல்ல வேண்டும். டாஷ்போர்டில் பச்சையாக ஒரு விளக்கு இருக்கிறது. மெதுவாக மிதித்தால் எரியும், கொஞ்சம் அழுத்தினால் அணைந்துவிடும். அந்த விளக்கு அணையக் கூடாது என்பதுதான் அவருடைய விரதம். நானும் அவரும், பின்னால் மகளும் மாமியாரும். மாமியார் ஒன்றும் இளைத்த உடம்பு இல்லை. லிந்துலை தாண்டி மேடு தொடங்கினால் இன்ஜின் முனகும். பின்னால் மரக்கறி லொறிக்காரன் ஹோர்னை அடித்துக்கொண்டே வருவான். பனி இறங்கிக் கண்ணாடி வெளுத்துப்போகும். ஏசியைப் போட்டால் நொடியில் தெளிந்துவிடும். போடமாட்டார், பெட்ரோல் குடிக்குமாம். நான் ஒரு துவாயை வைத்துக்கொண்டு அவர் முன்னால் குனிந்து குனிந்து கண்ணாடியைத் துடைக்க வேண்டும். ஒரு தடவை தோட்டத்து டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. டிராக்டரில் இருந்த பெண்கள் எங்களுக்குக் கை காட்டிச் சிரித்தார்கள்.

"அப்பா, நாங்க எறங்கி நடந்து முன்னால போறோம், நீங்க மெல்ல வாங்க" என்றாள் மகள்.

இறக்கத்தில் கதை வேறு. இறக்கம் தொடங்கியதும் லீவரைத் தள்ளி நியூட்ரலில் போட்டுவிடுவார். எங்கள் மலையில் வண்டி ஓட்டுகிற ஆண்களுக்கு இது பரம்பரை வியாதி. அவருடைய அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, மிச்சம் பிடித்த டீசலைக் கேனில் ஊற்றி விற்றுவிடுவார். "அவுக லொறி எறங்குனா சத்தமே கேக்காது, கப்பல் மாதிரி வரும்" என்று மாமியார் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

ஆனால் இது அந்தக் கால லொறி இல்லையே. இந்தக் கார்களில், கியரில் விட்டுக் காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும், பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது கொஞ்சம் பெட்ரோலைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். போனில் தேடினால் யாருக்கும் கிடைக்கிற விஷயம் இது. அதுகூட வேண்டாம், அவர் கும்பிடுகிற அதே திரையில், அந்த நொடியில் லீட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் ஒரு கோடு ஓடும். காலை எடுத்தால் அது கடைசி வரைக்கும் நீளும். நியூட்ரலில் தள்ளினால் சுருங்கும்.

"இந்தா பாருங்க, நியூட்ரல்ல போட்டா கொறையுது" என்று காட்டினேன்.

"அது சும்மா காட்டுது."

"அப்போ அந்த இருபத்தாறு?"

"அது கரெக்ட்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு மழை நாளில் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பள்ளிக்கூடம் விட்டுத் தலவாக்கலையிலிருந்து வந்த பஸ், வழியில் ஒரு மேட்டில் கொதித்து நின்றுவிட்டது. எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். குடையையும் மீறி நனைகிற மழை. சாமான் வாங்கத் தலவாக்கலைக்குப் போயிருந்த அவர் அதே வழியில்தான் வருவார் என்று எனக்குத் தெரியும். போன் பண்ணினேன். வந்துகொண்டிருக்கிறேன் என்றார். பக்கத்தில் நின்ற பெண்களிடம், உங்களையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தேன். கார் வந்தது. நான் கையைக் காட்டினேன். அவரும் கையைக் காட்டினார். மேலே, மேலே என்று காட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

"டீச்சர், அது உங்க கார்தானே?" என்று ஒரு அம்மா கேட்டார்.

அவர்கள் முகத்தைப் பார்க்காமல் தனியாகக் கிளம்பினேன். நனைந்த புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு வளைவு தாண்டி, ரோடு மட்டமாகிற இடம் வரைக்கும் நடந்தேன். அங்கே காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் திறந்ததும், "மேட்டுல நிப்பாட்டி எடுத்தா எவ்வளவு குடிக்கும் தெரியுமா? அதான் மட்டமான எடத்துல நின்னேன்" என்றார். மன்னிப்பு மாதிரி இல்லை, பாடம் சொல்கிற மாதிரி. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டைப் போட்டு அவர் முன்னால் நகர்த்திவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே குரூப்பில் போட்டோ அனுப்பினார்.

தவணை முடியப்போகிற நேரம். நுவரெலியாவில் அவர் தங்கை மகளுக்குச் சடங்கு. நாங்கள் நாலு பேரும் போனோம். அடுத்த வாரம் அதிபரைப் பார்த்து, வகுப்பை நானே விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் முடிவு பண்ணியிருந்தேன். அவர் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுப்பதைவிட அது மேல். சடங்கு வீட்டில் யார் என்ன கேட்டார்கள், என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திக் கணக்கைப் பூஜ்யமாக்கினார். "இன்னைக்கு ரதெல்லப் பக்கமா எறங்குறோம். வீடியோ எடு. லிந்துலைக்காரன் வாயை அடைக்கணும்" என்று போனை என் கையில் கொடுத்தார். நானுஓயாவுக்குக் கீழே அது ஒரு குறுக்குப் பாதை. செங்குத்தான இறக்கம். பெரிய பஸ்களை அதில் விடமாட்டார்கள், அவ்வளவு விபத்து நடந்த பாதை. பிரேக் சூடாகும், கியரில் விடுங்கள் என்றேன். "டீச்சரம்மா, ஸ்கூல்ல போய்ப் படிப்பிங்க" என்றார்.

நியூட்ரல். தூறல். திரையில் எண் ஏறத் தொடங்கியது. இருபத்தெட்டு, முப்பத்தொன்று. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அது இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டார். முப்பத்தைந்து என்று காட்டியபோது கருகின வாடை வந்தது.

"யாரோ டயரக் கொளுத்துறாங்க" என்றார் மாமியார்.

"தோட்டத்துல குப்பை எரிக்கிறாங்க" என்றார் இவர்.

"இந்த மழையிலயா?" என்றேன்.

அவர் பிரேக்கை மிதித்தார். மிதித்த கால் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, கார் வேகம் பிடித்துக்கொண்டே இருந்தது. வளைவுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகள் தெரிந்தன. "புடிக்க மாட்டேங்குது" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. பின்னால் மகள் "அம்மா!" என்று கத்தினாள்.

நான் போனைக் கீழே போட்டுவிட்டு லீவரைப் பிடித்தேன். கியருக்கு இழுத்து, உடனே இன்னும் கீழே, மலைக்கென்று 'எல்' எழுத்துப் போட்டு வைத்திருக்கிற அந்தக் கடைசி இடத்துக்கு இழுத்தேன். இன்ஜின் அலறியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி கார் தயங்கியது. நான் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். "மலைப் பக்கம் திருப்புங்க! மலைப் பக்கம்!" என்று கத்தினேன். திருப்பினார். முன் சக்கரம் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, மூக்கு மண்ணில் குத்தி, கார் நின்றது.

யாருக்கும் அடி இல்லை. மாமியார் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் என் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு அழுதாள். சக்கரங்களிலிருந்து புகை வந்தது. என் கணவர் ஸ்டீரிங்கை விட்டுக் கையை எடுத்தார், மூச்சு வாங்கினார், திரையைப் பார்த்தார்.

"எல்லுல போட்டுட்டியே. நம்பர் போயிருச்சு" என்றார்.

பின்சீட்டிலிருந்து மாமியாரின் கை வந்து அவர் பிடரியில் பளாரென்று விழுந்தது.

"ஒங்கப்பன் டீசல வித்தாவது எங்களுக்குச் சோறு போட்டாரு. நீ எதுக்குடா இந்தப் பேத்தியக் கொல்லப் பார்த்த? ஒரு போட்டோவுக்கா?"

லயத்திலிருந்து ஓடி வந்த ஆட்கள் காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். பிரேக் ஆறும்வரை ஓரத்தில் நின்றோம். அவர் டிரைவர் கதவைத் திறக்கப் போனார். நான் முன்னால் போய் நின்றேன். "சாவி" என்றேன். பதினாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் அவரிடம் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். கொடுத்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அதே கடைசிக் கியரில் ஊர்ந்து ஊர்ந்து நான் கொட்டகலை வரை ஓட்டி வந்தேன். இன்ஜின் கத்திக்கொண்டே வந்தது. வழி முழுதும் யாரும் ஆவரேஜ் பற்றிப் பேசவில்லை.

கராஜில் பிரேக்கெல்லாம் புதிதாகப் போட்டுக் கார் வந்ததும் சாவி என் கைப்பைக்குள் போனது. மறுநாள் சிவப்புக் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தேன். அதற்கு மறுநாளும் வைத்தேன். அதிபர் புத்தகத்தைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். வகுப்பு என்னிடமே இருக்கிறது. காலையில் நான் போகும்போது பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். ஏசி போடுகிறேன், மேட்டில் நன்றாக மிதிக்கிறேன், இறக்கத்தில் கியரில் விடுகிறேன். பச்சை விளக்கு எரிகிறதா அணைகிறதா என்று பார்ப்பதே இல்லை. திரை பதின்மூன்று காட்டுகிறது, மழை நாளில் பன்னிரண்டு. ஏறி இறங்கினால், ஆட்களோடு ஓடினால், எங்கள் மலையில் இந்தக் கார் ஓடுவது அவ்வளவுதான். கடைத்தெருவில் அவர் இன்னும் இருபத்தாறு என்றுதான் சொல்கிறாராம். சொல்லட்டும்.

போன வாரம் அவர் சாமான் வாங்க பஸ்ஸில் தலவாக்கலைக்குப் போயிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, வழியில் இறங்கிவிட்டேன், என்னை ஏற்றிக்கொண்டு போ என்று, பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த எனக்குப் போன் பண்ணினார். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அதே மேடு. மழை பிடித்துக்கொண்டிருந்தது.

நான் சாமி இல்லை. அந்த மேட்டுக்கு வந்ததும், தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்தேன். கையைக் காட்டினார். நானும் காட்டினேன், மேலே, மேலே என்று. நிறுத்தாமல் போனேன். ரோடு மட்டமாகிற இடத்தில் நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் எனக்குள் எரிந்தது இன்றைக்கு அவருக்கு உறைக்கும், கதவைத் திறந்ததும் கத்துவார், கத்தட்டும், அன்றைக்கு நான் விழுங்கிய அத்தனையையும் இன்றைக்குத் திருப்பிக் கொட்டிவிடலாம் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு வளைவையும் நடந்து வந்தார். கால்சட்டை முழங்கால் வரைக்கும் சேறு. கதவைத் திறந்து, ஈரத்தோடு சீட்டில் உட்கார்ந்து, பொலித்தீன் பையைக் காலடியில் போட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மனம் நிறைந்து சிரித்தார்.

"பரவாயில்லையே, மேட்டுல நிப்பாட்டல. இப்பத்தான் ஓட்டப் பழகியிருக்க" என்றார்.